இங்கிலாந்தில் எந்த ஜி.பி.யிடம் பதிவது? சிறிய சர்ஜரி, பெரிய மையம், பழைய இடம்: ஓர் ஒப்பீடு

லண்டனில் ஹாரோவுக்கோ ஈஸ்ட் ஹாமுக்கோ புதிதாகக் குடிவரும் நம்மவர்கள், சாவி கைக்கு வந்த வாரமே கவுன்சில் வரி, மின்சாரம், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாவற்றையும் ஓடி ஓடி முடித்துவிடுகிறார்கள். ஜி.பி. எனும் குடும்ப மருத்துவரிடம் பதிவது மட்டும் தள்ளிப்போகிறது. ஒரு நாள் யாருக்காவது காய்ச்சல் வருகிறது. அந்த அவசரத்தில் எந்தச் சர்ஜரி (ஜி.பி.யின் கிளினிக்கை இங்கே இப்படித்தான் சொல்வார்கள்) கண்ணில் பட்டதோ அங்கே பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு வருடக்கணக்கில் மனக்குறையோடு அங்கேயே இருக்கிறார்கள்.

சமீபத்தில் என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சிக்கலில் இருந்தார்கள். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு சிறிய சர்ஜரி. பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரு பெரிய சுகாதார மையம். முன்பு குடியிருந்த பகுதியில் நன்றாகப் பழகிய மருத்துவர். போதாததற்கு, செயலியிலேயே எல்லாம் முடியும் என்று சொல்லும் விளம்பரங்கள். எதை எடுப்பது?

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். இவை இங்கிலாந்துக்கு மட்டுமானவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் நடைமுறை வேறு. பதிவு இலவசம். ஒருவர் ஒரே சமயத்தில் ஓர் இடத்தில்தான் பதிந்திருக்க முடியும். புதிய இடத்தில் பதிந்ததும் பழைய இடத்திலிருந்து பெயர் நீங்கிவிடும். குடும்பம் முழுவதும் ஒரே சர்ஜரியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முகவரிச் சான்று, பாஸ்போர்ட், விசா, என்.எச்.எஸ். எனும் அரசு சுகாதாரச் சேவையின் எண் எதுவும் இல்லாமலே பதியலாம். ‘சான்று இல்லையென்றால் பதிய முடியாது’ என்று வரவேற்பு மேசையில் யாராவது சொன்னால் அது தவறு. சான்றைக் கேட்கலாம், அது இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை 14 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். விசாவுக்காகப் பெரியவர் ஒருவருக்கு வருடம் 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டு, இந்த மேசையில் ஒரு வார்த்தைக்குப் பயந்து திரும்பி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலோர் முதலில் கேட்பது, ‘சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்குமா?’ என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்பிருந்த அளவு எடை இப்போது இல்லை என்பது என் கருத்து. 2024 ஜனவரி 31 முதல் தொண்டைவலி, காதுவலி, சைனஸ் அழற்சி, அக்கி, இம்பெடிகோ எனும் சீழ்ப்புண், பூச்சிக்கடியில் ஏற்படும் தொற்று, 65 வயதுக்குட்பட்ட பெண்களின் சாதாரண சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும் மருந்துக்கடையில் மருந்தாளுநரே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் உள்ளிட்ட மருந்தும் தரலாம். வயது வரம்பும் சில நிபந்தனைகளும் உண்டு. அவசரமாக ஓடும் காரணங்களில் பல அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் முதலிடம் கொடுப்பது வேறொன்றுக்கு: ஒரே மருத்துவரைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடியுமா? நார்வேயில் சுமார் 45 லட்சம் பேருடைய பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்கள், ஒரே வருடம் இருந்தவர்களைவிட, அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 28 சதவீதமும் இறக்கும் வாய்ப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்ததாக அதில் கண்டார்கள். பழக்கம்தான் முழுக் காரணம் என்று ஒரே ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டு என்று ஏதாவது ஒன்றோடு வாழ்பவர்கள் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, மொழியும் நேரமும். பெற்றோருக்கு ஆங்கிலம் வராதென்றால் மொழிபெயர்ப்பாளர் வசதியை அந்த இடம் இயல்பாகச் செய்து தருகிறதா? மூன்றாவது, படுத்துவிட்டால் வீட்டுக்கு வருவார்களா? நான்காவது, கட்டடத்துக்குள் என்னென்ன இருக்கிறது: செவிலியர், இரத்தப் பரிசோதனை, பெண் மருத்துவர். ஐந்தாவது பலருடைய நினைவுக்கே வராதது: கடிதங்கள் சரியான முகவரிக்கு வந்து சேருமா?

| | சிறிய சர்ஜரி | பெரிய மையம் | பழைய இடம் | இணையவழிச் சர்ஜரி |
|---|---|---|---|---|
| ஒரே மருத்துவர் | பெரும்பாலும் உண்டு | கேட்டுப் பெற வேண்டும் | ஏற்கெனவே உண்டு | கடினம் |
| முதல் தொடர்பு | தொலைபேசி, நேரில் | பெரும்பாலும் ஆன்லைன் படிவம் | பழகிய வழி | செயலி |
| வீட்டுக்கு வருதல் | உண்டு | உண்டு | சர்ஜரி வரையறுத்த எல்லைக்கு வெளியே வீடு என்றால் கடமை இல்லை | எல்லைக்கு வெளியே என்றால் கடமை இல்லை |
| கட்டடத்துள் வசதிகள் | குறைவு | அதிகம் | இடத்தைப் பொறுத்தது | மிகக் குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | மருத்துவர் ஓய்வு பெற்றால் வெற்றிடம் | கதையை ஒவ்வொரு முறையும் சொல்வது | தவறும் கடிதங்கள், பயணம் | உள்ளூர்ப் பதிவு போய்விடுவது |

## சிறிய சர்ஜரி

என் அம்மா இப்படியொரு இடத்தில்தான் இருக்கிறார். இரண்டே மருத்துவர்கள், பழைய வீடொன்றின் முன்னறைதான் காத்திருக்கும் அறை. ஒரு நாள் அம்மா உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள் மருத்துவர் கேட்டார்: “போன முறை நேராக நடந்து வந்தீர்கள். இன்று ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறீர்கள்?” அம்மா போனதோ இருமலுக்காக. பாதம் மரத்துப்போவதை அவர் எங்களிடம்கூடச் சொல்லவில்லை. வயதானால் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். பல வருடம் மெட்ஃபார்மின் எனும் நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து இப்படி மரத்துப்போகக்கூடும். அம்மா அதைச் சாப்பிடுபவர், சைவம் வேறு. மருத்துவர் அன்றே இரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். பி12 மிகவும் குறைவாக இருந்தது. எந்தப் படிவத்திலும் ‘சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்’ என்று நிரப்புவதற்கு இடம் கிடையாது. முந்தைய நடையைப் பார்த்திருந்தவருக்குத்தான் அது தெரிந்தது.

வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு உங்கள் பெயர் தெரிவதும் சிறிய விஷயமல்ல. ‘மகன் வேலைக்குப் போயிருப்பாரே, மதியத்துக்கு மேல் தரட்டுமா?’ என்று கேட்பவர் அங்கே இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. மருத்துவர் விடுமுறையில் போனால் தற்காலிக மருத்துவர்தான். அவர் ஓய்வு பெற்றால், சர்ஜரி வேறொரு இடத்தோடு இணைக்கப்படலாம், மூடப்படவும் செய்யலாம். நீங்கள் தேடி வந்த பழக்கமே அத்தோடு போய்விடும். ஆகவே பதியும் முன் எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள், எந்தெந்த நாள் வருகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பெண் மருத்துவர் இல்லையென்றால், தயக்கத்தாலேயே நம் பெண்கள் பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள். இரத்தப் பரிசோதனைக்கு வேறு இடத்துக்கு அனுப்பினால் அதற்கும் ஒரு நாள் விடுப்பு வேண்டும்.

தொடர் நோய் உள்ளவர்கள், முதியவர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள்: உங்கள் பகுதியில் நல்ல சிறிய சர்ஜரி ஒன்று இருந்தால் வேறெங்கும் பார்க்க வேண்டாம் என்பேன்.

## பெரிய சுகாதார மையம்

பத்து, பதினைந்து மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர் என்று ஒரே கூரையின் கீழ் இருப்பது, குழந்தை உள்ள வீட்டுக்குப் பெரிய உதவி. தடுப்பூசி, ஆஸ்துமா பரிசோதனை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். பெண் மருத்துவர் கிடைப்பது எளிது. ஒருவர் விடுப்பில் போனாலும் கதவு சாத்தப்படாது.

சிரமம் வாசலில்தான். பல மையங்களில் நேராக அப்பாயின்ட்மென்ட் கிடையாது. ஆன்லைன் படிவத்தில் பிரச்சினையை எழுத வேண்டும், அதைப் படித்தவர் யாரிடம் அனுப்புவது என்று முடிவெடுப்பார். 2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தின் எல்லாச் சர்ஜரிகளும், அவசரமல்லாத தேவைகளுக்கான இந்த ஆன்லைன் வழியை வாரநாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்து வைக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. காலை எட்டு மணிக்குத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு இது நிம்மதி. ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் ஒருவருக்கு இதுவே புதிய மதில். நேரில் போயும், தொலைபேசியிலும் அதே கோரிக்கையை வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. வயதானவர்களுக்காக அந்த உரிமையைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு முறையும் புதிய முகம் என்பதுதான் இங்கே பெரிய இழப்பு. பத்து நிமிடச் சந்திப்பில் ஆறு நிமிடம் பழைய கதைக்கே போய்விடும். இதற்கு வழி இருக்கிறது. பதிவான ஒவ்வொருவருக்கும் ‘பொறுப்பு மருத்துவர்’ என்று ஒருவர் பெயரளவிலாவது இருப்பார். அவர் யார் என்று கேளுங்கள். முதல் இரண்டு சந்திப்பில் மனதுக்குப் பிடித்த மருத்துவர் அமைந்தால் அவர் பெயரையும் அவர் வரும் நாட்களையும் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த படிவத்தில் ‘இந்தப் பிரச்சினைக்கு இவரையே பார்க்க விரும்புகிறேன், ஒரு வாரம் காத்திருக்கலாம்’ என்று எழுதுங்கள். குறிப்பிட்ட மருத்துவரைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எப்போதும் கிடைக்கும் என்பதற்குத்தான் உறுதி இல்லை.

சிறு குழந்தைகள் உள்ள குடும்பம், பெரிய நோய் ஏதும் இல்லாதவர்கள், பெண் மருத்துவரே வேண்டும் என்பவர்கள்: இது உங்களுக்கான இடம்.

## வீடு மாறினாலும் பழைய இடத்திலேயே

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலில் ஒரு குற்றவுணர்ச்சி இருக்கும். பலர் புதிய முகவரியைச் சொல்லாமலே தொடர்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு 50 முதல் 71 வயது வரையுள்ள பெண்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழைப்பு வரும். குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான பெட்டி 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தபாலில் வரும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அழைப்பு 25 வயதிலிருந்து வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனை அழைப்பு வேறு. இவை அனைத்துக்கும் ஜி.பி. பதிவில் இருக்கும் முகவரிதான் அடிப்படை. நீங்கள் விட்டு வந்த வீட்டின் கதவுக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய மிதியடி மேல் அந்த உறை கிடக்கும். ‘எனக்கு எதுவும் வரவில்லையே’ என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

உண்மையைச் சொல்லியும் தொடர வழி உண்டு. ஒவ்வொரு சர்ஜரிக்கும் வரையறுத்த எல்லை இருக்கிறது. பல இடங்களில் அதற்கு வெளியே, ஏற்கெனவே பதிந்தவர்கள் வீடு மாறினாலும் தொடர்வதற்கென்றே ஒரு வெளி எல்லையும் வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டிவிட்டால், 2015 ஜனவரி முதல், எல்லைக்கு வெளியே வசிப்பவரையும் சர்ஜரி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். விரும்பினால் மட்டுமே. அப்படிச் சேர்த்துக்கொண்டால் வீட்டுக்கு வந்து பார்க்கும் கடமை அவர்களுக்கு இல்லை. நடமாடும் வயதில் இது பெரிதாகத் தெரியாது. எண்பது வயது மாமனார் கட்டிலைவிட்டு எழ முடியாத நாளில்தான் தெரியும். வீடு தேடி வரும் பகுதிச் செவிலியர் போன்ற சேவைகளும் நீங்கள் வாழும் பகுதியை ஒட்டித்தான் நடக்கின்றன.

நோய் என்னவென்று கண்டுபிடிக்கும் பரிசோதனைகளின் நடுவில் இருக்கிறீர்கள், மனம் உடைந்த காலத்தில் கைகொடுத்த மருத்துவர் அங்கே இருக்கிறார், அல்லது உங்கள் வேலையிடம் அந்தச் சர்ஜரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால் தொடருங்கள். வெறும் சோம்பலால் தொடர்கிறீர்கள் என்றால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

## செயலிவழிச் சர்ஜரியும் தனியாரும்

காணொளியிலேயே மருத்துவரைப் பார்க்கலாம் என்று அழைக்கும் என்.எச்.எஸ். சர்ஜரிகள், இரவுப் பணியில் இருக்கும், நோயில்லாத இளைஞருக்கு உண்மையிலேயே வசதி. அங்கே சேர்வதும் முழுப் பதிவுதான் என்பதைக் கவனியுங்கள். தெருமுனைச் சர்ஜரியில் உங்கள் பெயர் நீங்கிவிடும். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டிய நாளில் அவர்களுடைய கிளினிக் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். மூன்று மாத்திரைக்கு மேல் தினமும் சாப்பிடுபவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

தனியார் ஜி.பி. பதிவுக்கு மாற்று அல்ல. ஒரு முறைச் சந்திப்புக்கு, நாளையே பார்க்க வேண்டும் என்றால், பணம் இருந்தால் போகலாம். மருந்துக்கு முழு விலை கொடுக்க வேண்டும். அவர் தொடங்கிய மருந்தை உங்கள் என்.எச்.எஸ். மருத்துவர் அப்படியே தொடர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

## ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்

24 மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்குள் தங்குபவர்கள் தற்காலிக நோயாளியாகப் பதியலாம். ஜி.பி.யைப் பார்ப்பது பார்வையாளர் விசாவில் இருப்பவருக்கும் இலவசம். மருத்துவமனை அப்படியல்ல. அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்தால் கட்டணம், அதுவும் என்.எச்.எஸ். விகிதத்தில் ஒன்றரை மடங்கு. பயணக் காப்பீடு இல்லாமல் பெற்றோரை அழைக்காதீர்கள்.

## பதியும் முன், பதியும்போது

சர்ஜரியின் தரத்தை விளம்பரப் பலகையில் தேட வேண்டாம். ஜி.பி. நோயாளிகள் கருத்துக் கணிப்பு ஆண்டுதோறும் சர்ஜரிவாரியாக வெளியாகிறது. அதில் ‘விரும்பிய மருத்துவரைப் பார்க்க முடிகிறதா’ என்ற வரியைப் பாருங்கள். சர்ஜரிகளைச் சோதித்து மதிப்பிடும் பராமரிப்புத் தர ஆணையத்தின் (சி.க்யூ.சி.) மதிப்பீட்டையும் பாருங்கள்; அதன் தேதியைப் பார்க்க மறக்காதீர்கள், பழைய மதிப்பீட்டுக்குப் பிறகு மருத்துவர்களே மாறியிருக்கலாம். பிறகு ஒரு வாரநாளில் நேரில் போய்ப் பத்து நிமிடம் அங்கே நில்லுங்கள். வயதான ஒருவர் மேசைக்கு வந்தால் அவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு காத்திருப்பு அறையில் நான் கண்டதை மறக்க முடியவில்லை. பத்து வயதுகூட இருக்காது, பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை. அம்மாவுக்கு எங்கே இரத்தப்போக்கு, எத்தனை நாளாக என்று வரவேற்பாளரிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்.எச்.எஸ். சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் இலவசம். பிள்ளைகளை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே வழிகாட்டுதல். பதிவுப் படிவத்தில் மொழி என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதி, மொழிபெயர்ப்பாளர் தேவை என்று குறியிடுங்கள். மொழிபெயர்ப்புக்கு நேரம் பிடிக்கும் என்பதால் இரட்டை அப்பாயின்ட்மென்ட்டும் கேளுங்கள். ‘ஏற்பாடு செய்கிறோம்’ என்று உடனே சொல்லும் இடம் ஒன்று, ‘வீட்டில் யாராவது வர மாட்டார்களா?’ என்று கேட்கும் இடம் இன்னொன்று என்றால், தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

அதே படிவத்தில் இனப் பின்னணி என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நீரிழிவு, மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிடும் முறைகளில் அது சேர்கிறது. தெற்காசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே அபாயம் கூடுகிறது, பொதுவாக அந்த எல்லை 25. இலங்கைத் தமிழருக்கென்று தனிக் கட்டம் இருக்காது. ‘பிற ஆசியர்’ என்பதில் குறியுங்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பதிந்தவுடன் எஃப்.பி.92ஏ என்ற படிவத்தைக் கேளுங்கள். 2024 மே முதல் மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, இந்தப் படிவத்தின் வழியாக வரும் விலக்குச் சான்றிதழ் கையில் இருந்தால் எந்த மருந்துக்கும் கட்டணம் இல்லை. 60 வயதானவர்களுக்குச் சான்றிதழே தேவையில்லை.

கடைசியாக, மாத்திரைகள். ஊரில் கிளைமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரையாகச் சாப்பிட்டிருப்பீர்கள். இங்கே அவற்றைத் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். கம்பெனி வைத்த பெயரை மட்டும் சொன்னால் இங்குள்ள மருத்துவருக்கு எதுவும் புரியாது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலி அட்டைகளையும் ஒரு பையில் போட்டு முதல் சந்திப்புக்கு எடுத்துப் போங்கள். கையில் இன்னும் ஒரு மாதத்துக்கான மாத்திரை மீதமிருக்கும்போதே அந்தச் சந்திப்பைக் கேட்டுவிடுங்கள்.